பாளை அருவாளில் விழுந்த விரிசல்

போன மாசியில் ஒரு நாள், பகல் பதினொன்றரை மணி இருக்கும். எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு சத்தம் கேட்டது. வெண்கலக் கும்பாவை நகத்தால் சுண்டினால் வருமே, அந்த மாதிரி ‘ணிங்’ என்று ஒரே ஒரு சத்தம். பழுக்கக் காய்ச்சிய பாளை அருவாளை, அதாவது பதநீருக்காகப் பனம்பாளை சீவுகிற அருவாளை, தண்ணீர் வாளிக்குள் இறக்கி மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். அருவாளின் வாயிலிருந்து, வெட்டுகிற விளிம்பிலிருந்து, முதுகை நோக்கி முடி கனத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் தட்டியது.

பதினாறு நாள் சாயங்காலங்கள் அதில் போயிருந்தன. இரும்பைக் காய்ச்சி அடிக்கிற எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். வழக்கமாக, ‘பழைய இரும்புக்கடைப் பட்டை, அதில் ஏதோ கோளாறு’ என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை உலையில் வைத்துவிடுவோம். இந்த முறை அது முடியவில்லை. இந்த அருவாளைக் கேட்டிருந்தவர் உடன்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவர். என் அப்பாவின் பழைய சிநேகிதர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். பனை உச்சியில் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சீவுகிறவர் கையில், எதனால் உடைந்தது என்று தெரியாத இரும்பைக் கொடுக்கக் கூடாது. அதனால் அந்த விரிசலை முழுசாக ஆராய்ந்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அதற்கு ஏழு வாரம் ஆனது.

எதற்கான அருவாள்

பனையேறியின் அருவாப்பெட்டியில் இரண்டு அருவாள் இருக்கும். ஒன்று மட்டை கழிக்க, இன்னொன்று பாளை சீவ. மட்டை அருவாள் கொஞ்சம் முரடாக இருந்தாலும் வேலை நடக்கும். பாளை அருவாள் அப்படியில்லை. பாளையின் நுனியை ஒவ்வொரு தடவையும் மெல்லிசாகச் சீவி எடுத்தால்தான் பதநீர் சொட்டும். வாய் மழுங்கியிருந்தால் பாளை அறுபடாமல் நசுங்கும், நசுங்கின இடத்தில் ஊற்று அடைத்துக்கொள்ளும். சவரக்கத்தி மாதிரி வாயும் வேண்டும், அந்த வாய் உதிராமலும் இருக்க வேண்டும். கடினமும் வேண்டும், முறியாத தன்மையும் வேண்டும். இரும்பு வேலையில் மிகவும் சிரமமான கேட்பு இதுதான்.

இந்த ஊரில் அருவாள் என்றதும் வேறு நினைப்பு வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமான கருவிகளுக்கு விலக்கு உண்டு. 2021இல் காவல்துறை, அருவாள் வாங்குகிறவர்களின் விவரத்தைப் பட்டறைகள் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. நான் விற்பதில்லை. ஆனாலும் செய்த ஒவ்வொன்றும் யார் கைக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கறிக்கத்தி, அரிவாள்மனை அலகு, பாளை அருவாள் தவிர வேறு எதையும் அடிப்பதில்லை.

என்ன செய்தேன்

என் பட்டறை என்பது புறவாசலில் தகரக்கூரை இல்லாத ஓரம். பழைய இரும்புச் சட்டியில் குளத்துக் கரம்பையும் மணலும் உமியும் பிசைந்து பூசிய உலை. கையால் சுற்றுகிற ஊதுகாற்றாடி. கரி சீமைக்கருவேலங்கரி, கொஞ்சம் சிரட்டைக்கரி. வேப்பங்கட்டையில் பதித்த தடித்த இரும்புக்கட்டைதான் பட்டறைக்கல். பக்கத்தில் நெருப்பணைக்க ஒரு வாளி தேரி மணல்.

பட்டை, ஒரு சின்ன லோடு வண்டியின் வில்பட்டை. 7 மில்லிமீட்டர் கனம். வில்பட்டை எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கூடவே சிலிக்கான், மாங்கனீசு, அல்லது குரோமியம் கலந்திருக்கும். எந்த வண்டிக்கு எந்தக் கலவை என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அன்று நடந்தது இதுதான். முந்தின நாள் அடித்து முடித்த அருவாளை ஆங்கிள் கிரைண்டரால் உருவாக்கி, வாயை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறக்கியிருந்தேன். சனிக்கிழமை லீவு. காலையிலேயே ஆரம்பிக்க நினைத்து, கரி வாங்கப் போய் நேரமாகிவிட்டது. உச்சி வெயிலில் உலையை மூட்டினேன். இரும்பு நல்ல சிவப்புக்கு வரும் வரை காற்றைச் சுற்றினேன். வந்ததும் குறட்டில் பிடித்து, கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீரில் முழுசாக முக்கினேன். ணிங்.

எனக்கு அப்போது மூன்று பேர் மேல் சந்தேகம். பட்டையில் முன்பே விரிசல் விழுந்திருக்கலாம், ஏனென்றால் வில்பட்டை வருஷக்கணக்காக வளைந்து வளைந்து களைத்த இரும்பு. இல்லையென்றால் தண்ணீர், எண்ணெயில் தோய்க்க வேண்டியதைத் தண்ணீரில் தோய்த்துவிட்டேன் (காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல்). மூன்றாவது, என் கிரைண்டர் போட்ட கீறல்கள். நான்காவது ஒன்று இருக்கும் என்று தோன்றவேயில்லை.

உடைத்துப் பார்த்தபோது

முதலில் மண்ணெண்ணெய் தடவினேன். நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவி அரை மணி நேரம் விட்டேன். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் பொடியில் கசிந்து கோடு காட்டும். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கோடு. பொடியில் வந்தது மூன்று. மூன்றும் வாயில் ஆரம்பித்து முதுகுப் பக்கம் போயின. பெரியது, கிரைண்டர் குறுக்காக இழுத்த ஒரு ஆழமான கீறலின் மேலேயே ஆரம்பித்திருந்தது. அப்படியென்றால் கீறலுக்குப் பங்கு உண்டு.

அப்புறம் வைஸில் கட்டி, துணியைச் சுற்றி, சுத்தியலால் தட்டினேன். ஒரே தட்டில் போய்விட்டது. உடைந்த முகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உடைந்த இரும்பு நிறையச் சொல்லும். விரிசல் உலைக்கு முன்பே இருந்திருந்தால், காய்ச்சும்போது காற்று உள்ளே போய் அந்த முகம் கருத்துச் செதில் பிடித்திருக்கும். என் துண்டில் விரிசல் முகம் கருக்கவில்லை. லேசான துரு நிறம் மட்டும், தண்ணீர் உள்ளே புகுந்த தடம். ஆக, தோய்க்கிற நேரத்தில்தான் விரிசல் பிறந்திருக்கிறது. வில்பட்டை மேல் பழி போட முடியாது. அதை நான் வீணாகத் திட்டியிருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. புதிதாக உடைந்த பகுதி முழுக்கச் சீனியை ஒட்டவைத்த மாதிரி மினுமினுத்தது. நல்ல பதத்தில் தோய்த்த எஃகை உடைத்தால் முகம் மங்கலாக, சலித்த சாம்பல் மாதிரி, பட்டுப்போல இருக்கும். சீனி மாதிரி இருந்தால் இரும்பின் மணி, அதாவது அதற்குள் இருக்கிற நுண்ணிய படிகங்கள், பெருத்துவிட்டது என்று அர்த்தம். அளவுக்கு மீறிய சூட்டில் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும். பெருத்த மணிகளுக்கு நடுவே விரிசல் ஓடுவது சுலபம். எனக்குப் புரியாதது, நான் சூட்டை எங்கே மீறினேன் என்பது. நல்ல சிவப்பு வந்ததும் எடுத்தேனே?

ஆசாரியின் இருட்டு

செய்துங்கநல்லூர் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில் எழுபது வயது கடந்த ஆசாரி ஒருவர் இன்னும் உலை மூட்டுகிறார். அண்ணாச்சியின் பழைய அருவாள் அவர் செய்தது. அதே வில்பட்டை. அதைவிட முக்கியம், அவர் தோய்ப்பதும் தண்ணீரில்தான். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் தோய்த்தவரின் அருவாள் உடையவில்லை என்றால், ‘தண்ணீர்தான் குற்றவாளி’ என்று நான் எழுதி வைத்திருந்த முடிவு நிற்காது.

திருச்செந்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஆதிச்சநல்லூர் பரம்பு கண்ணில் படும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டிய இடம். அப்புறம் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது வாள், வேல் என்று இரும்பு குவியலாக வந்தது. அதே தாமிரபரணிச் சீமையில் இருக்கிற சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று தமிழக அரசின் அறிக்கை 2025 ஜனவரியில் வெளிவந்தது. அந்தக் காலத்துக் கொல்லர்களிடம் வெப்பமானி கிடையாது. கண்தான். பஸ்ஸில் இதை யோசித்துக்கொண்டே போனேன், ஆனால் விடை அங்கேயே இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

ஆசாரி உடைந்த துண்டை வாங்கி, முகத்தை ஒரு தடவை பார்த்தார். கேட்ட முதல் கேள்வி:

“தம்பி, இத வெயில்ல வச்சா காய்ச்சினிய?”

ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய்த் தொங்கிக்கொண்டிருந்த சாக்குப் படுதாவை இறக்கிவிட்டார். பட்டறைக்குள் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. கூரை தாழ்வு, சுவரெல்லாம் கரி. இவ்வளவு நாளும் வசதி இல்லாததால் இருட்டாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒரு துண்டுப் பட்டையை உலையில் வைத்தார். “கோவப்பழ நெறம் வந்தா தோய்ச்சலுக்கு எடுக்கணும். செவ்வெளநி நெறம் வந்தா அடிக்கணும். அதுக்கு மேல மஞ்ச வந்துட்டா இரும்பு எரியுதுன்னு அர்த்தம். வெயில்ல நின்னா செவ்வெளநியும் கோவப்பழமாத்தான் தெரியும்.”

இவ்வளவுதான் விஷயம். இரும்பு தானாக விடுகிற வெளிச்சத்தை நாம் நிறமாகப் பார்க்கிறோம். சுற்றிலும் வெயில் கொட்டினால் அந்த வெளிச்சம் அமுங்கி, உண்மையில் இருப்பதைவிட மங்கலாகத் தெரியும். ‘இன்னும் சிவக்கவில்லை’ என்று நாம் காற்றைச் சுற்றிக்கொண்டேயிருப்போம். இருட்டில் 800 டிகிரியில் தெரிகிற சிவப்பு, உச்சி வெயிலில் அதைவிட நூறு டிகிரிக்கும் மேலே போனால்தான் கண்ணுக்கு வருகிறது. என் அருவாள் சீனியாக உடைந்தது அதனால்தான்.

அவர் இன்னொன்றையும் காட்டினார். பட்டை சிவந்துகொண்டு வரும்போது, “நெழல் ஓடுது பாருங்க” என்றார். சிவந்த இரும்பின் மேல் ஒரு கருநிழல், மேகம் வயலைக் கடக்கிற மாதிரி, விளிம்பிலிருந்து உள்ளே மெதுவாக நகர்ந்தது. கனத்த முதுகில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. அப்புறம் கரைந்து, பட்டை முழுக்க ஒரே சிவப்பானது. எஃகின் உள்ளமைப்பு மாறுகிற நேரம் அது. மாறுவதற்கு வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அந்த இடம் கொஞ்ச நேரம் கருக்கிறது. நிழல் முழுசாகப் போனதும் இன்னும் ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான், எடுத்துவிட வேண்டும். நான்கு வருஷமாக இரும்பு காய்ச்சுகிறேன், அந்த நிழலை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். வெயிலில் அது தெரிய வாய்ப்பே இல்லை.

தோய்ச்சலிலும் அவர் கை வேறு. முழு அருவாளையும் முக்கவில்லை. வாயை மட்டும் இரண்டு விரல்கடை தண்ணீரில் இறக்கி, மூன்று எண்ணுவதற்குள் எடுத்தார். செங்கல் துண்டால் வாயோரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு வாய்ப் பக்கம் இறங்க இறங்க, அந்தப் பளபளப்பில் வைக்கோல் நிறம் ஏறிவந்தது. வாய் விளிம்பைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். கடினமாக்குவதும், முறுக்கைத் தணிப்பதும் ஒரே மூச்சில் முடிந்தது. தண்ணீரும் கிணற்றுக் குளிர்ச்சி இல்லை, தொட்டியில் வெதுவெதுப்பாகக் கிடந்த தண்ணீர்.

நான் முக்கியபோது நடந்தது இப்போது விளங்கியது. எஃகு குளிரும்போது சுருங்கிக்கொண்டே வரும். ஆனால் சுமார் 300 டிகிரிக்குக் கீழே வந்து கடினமாகிற நேரத்தில் கொஞ்சம் விரியும். முழுசாகக் குளிர்ந்த நீரில் போட்டால் மேல்தோல் முதலில் கடினமாகி நின்றுவிடும், பிறகு உள்ளே இருப்பது விரிந்து அதை இழுக்கும். மணி பெருத்த, கீறல் விழுந்த தோல் அதைத் தாங்காது.

உப்பு வைத்த சோதனை

ஆசாரியின் கண்ணை ஒரு நாளில் வாங்கிவர முடியாது. எனக்கு ஒரு அளவுகோல் வேண்டும். இரண்டு கிடைத்தன, இரண்டும் வீட்டிலேயே.

ஒன்று காந்தம். எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, இரும்பை ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். மற்றது உப்பு. சமையல் உப்பு உருகுவது 801 டிகிரியில். தோய்ச்சலுக்கு நமக்கு வேண்டிய சூடு அதற்குச் சற்று மேலே. தூத்துக்குடி உப்பளத்துச் சீமையில் இருந்துகொண்டு இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். முதலில் கல்லுப்பை வைத்தேன், உள்ளே அடைபட்ட ஈரம் கொதித்துப் படபடவென்று வெடித்துத் தெறித்தது. யாரும் அதைச் செய்ய வேண்டாம். பொடியுப்பை வாணலியில் நன்றாக வறுத்து ஈரம் போக்கி, ஒரு சிட்டிகை வைக்க வேண்டும். வெள்ளையாக இருந்த பொடி, சூடு வந்ததும் கண்ணாடி மாதிரி உருகிப் பரவும்.

அதே பட்டையிலிருந்து ஐந்து துண்டு வெட்டினேன். வெயிலில் ‘நல்ல சிவப்பு’ வரக் காய்ச்சித் தண்ணீரில் போட்டது விரிசல் விட்டது. அதே வெயில் சூட்டில் எண்ணெயில் போட்டது விரிசல் விடவில்லை, ஆனால் ஒரு தட்டில் முறிந்தது, உள்ளே அதே சீனி. இதை நான் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருக்கிறேன். எண்ணெய் விரிசலை மறைத்துவிடும், பெருத்த மணியைச் சரியாக்காது. எண்ணெய்க்கு மாறியதோடு நிறுத்தியிருந்தால், பார்வைக்கு நல்ல ஆனால் உள்ளே கெட்ட அருவாளை அண்ணாச்சி கையில் கொடுத்திருப்பேன்.

மற்ற மூன்றையும் சாயங்காலம் ஆறரைக்கு மேல், உப்பு உருகியதும் எடுத்துத் தோய்த்தேன். எண்ணெயில் போட்டது, வாயை மட்டும் தண்ணீரில் காட்டியது இரண்டும் உடைக்கவே சிரமப்பட்டன. முகம் சாம்பல் பட்டு. முழுசாகத் தண்ணீரில் போட்டது விரிசல் விடவில்லை, ஆனால் வாழைமட்டை மாதிரி வளைந்துவிட்டது.

இரண்டாவது அருவாள்

முதலில் இடத்தை மாற்றினேன். புறவாசல் ஓரத்தில் மூன்று பக்கம் தகரம் அடைத்து, நான்காவது பக்கம் சாக்குப் படுதா. புகை போக மேலே திறப்பு விட்டேன். கரி உலையை மூடின இடத்தில் வைத்தால் அதன் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும், மேலே திறப்பும் கீழே காற்று வர வழியும் இல்லாமல் இருட்டு கட்டக் கூடாது. செலவு, தகரமும் சாக்கும்தான்.

அடித்து முடித்த பிறகு மூன்று தடவை இருட்டில் காய்ச்சி, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில் எடுத்து, காற்றில் தானாக ஆறவிட்டேன். அடிக்கும்போது பெருத்த மணி இதில் சிறுக்கும். முதல் அருவாளில் இதைச் செய்யவேயில்லை. அப்புறம் சூட்டோடு சாம்பலில் புதைத்து ஒரு ராத்திரி. மறுநாள் அரம் வெண்ணெயில் போகிற மாதிரி போனது. கிரைண்டர் கீறல் ஒன்றுகூட மிஞ்சாமல், வாய்க்கு நெடுக்கே உப்புத்தாள் போட்டேன். வாயை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் நிறுத்தி, மிச்சத்தைத் தோய்ச்சலுக்குப் பிறகு சாணையில் இறக்கினேன்.

தோய்ச்சல் கடலை எண்ணெயில். விரல் கொஞ்ச நேரம் பொறுக்கிற சூட்டுக்கு, ஐம்பது அறுபது டிகிரிக்கு, எண்ணெயை முதலில் காய்ச்சிக்கொண்டேன். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து இரும்பைச் சீராகக் குளிர்விக்காது. மூடி போட்ட இரும்புப் பாத்திரம், நேராக இறக்கி, பக்கவாட்டில் ஆட்டாமல். பாதி உள்ளே பாதி வெளியே நின்றால் எண்ணெய் பற்றிக்கொள்ளும். அரத்தை வாயில் வைத்து இழுத்தேன். கடிக்காமல், கண்ணாடியில் போகிற மாதிரி வழுக்கியது. உடனே வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வெளியே வந்தபோது ஆசாரி செங்கல்லால் தேய்த்துக் காட்டிய அதே வைக்கோல் நிறம்.

கைப்பிடிக்கு மஞ்சணத்தி, பித்தளைப் பூண்.

பங்குனி கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி பேசவில்லை. தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி நாலு இழுப்பு இழுத்தார், முழங்கை முடியில் வைத்துப் பார்த்தார், பெட்டியில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். சீவல் ஒன்று காற்றில் சுழன்றுகொண்டே வந்து காலடியில் விழுந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். விரல் நிழல் அதன் வழியாகத் தெரிந்தது.

ஆடியில் பனையிறங்கியதும் அருவாள் பரிசோதனைக்கு வந்தது. வாயில் ஒரு பல்கூட உதிரவில்லை. மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போட்டேன், கோடு இல்லை. கடல் காற்றில் முதுகோரம் துரு பிடித்திருந்தது, அதற்கு விளக்கெண்ணெய் போதும். கைப்பிடிதான் ஆடியது. மஞ்சணத்தியைச் சரியாகக் காயவிடாமல் போட்டுவிட்டேன், மரம் வற்றிப் பூண் தளர்ந்துவிட்டது. நிழலில் ஒரு வருஷம் கிடந்த பூவரசங்கட்டை ஒன்றை மாற்றிப் போட்டிருக்கிறேன். அண்ணாச்சி மட்டை அருவாளும் ஒன்று கேட்டிருக்கிறார். அதற்கான பட்டை படுதாவுக்குப் பின்னால் சாம்பலில் கிடக்கிறது.